நா தடுமாறும் இடம்: ஜப்பானிய நாநெகிழ் தொடர்களின் வரலாறு

மொழி வழங்கும் இடங்களிலெல்லாம் மொழியோடு விளையாடும் வழக்கமும் உண்டு. அவ்விளையாட்டுகளுள் கருவி எதுவும் வேண்டாதது, ஆடுகளம் தேவைப்படாதது, தோற்றவரும் வென்றவரோடு சேர்ந்து சிரிப்பது ஒன்று உண்டெனில், அது நாநெகிழ் தொடரே. ஜப்பானியர் இதனை 'ஹயகுச்சி கொதொபா' என்பர். 'ஹய' என்பது விரைவு. 'குச்சி' என்பது வாய். 'கொதொபா' என்பது சொல். விரைந்த வாயால் சொல்லப்படும் சொல் என்பது அதன் பொருள். ஒருவர் தொடரைச் சொல்ல, மற்றவர் அதனை மூன்று முறை இடைவிடாது விரைந்து சொல்லவேண்டும். மூன்றாம் முறையில் நா தடுமாறும்; வீடு முழுவதும் சிரிக்கும். பள்ளிச் சிறுவர் முதல் பாட்டியர் வரை எல்லோரும் இவ்விளையாட்டை அறிவர்.

சிறுவர் விளையாட்டு என்று ஒதுக்கத்தக்க இத்தொடர்களுக்கு ஒரு நீண்ட வரலாறு உண்டு. அவ்வரலாற்றில் அரசன் ஒருவனின் கவிதை உண்டு; குரல் இழந்த நடிகன் ஒருவனின் நன்றிக்கடன் உண்டு; நா பிறழ்ந்த குற்றத்துக்காக உயிரிழந்த மக்களின் குருதியும் உண்டு. சிரிப்பையும் குருதியையும் ஒருங்கே எண்ணாமல் இவ்வரலாற்றை முழுமையாகச் சொல்ல இயலாது.

மாத்திரைக் கணக்கு

ஜப்பானிய மொழியின் ஓசை மாத்திரைக் கணக்கில் அமைந்தது. குறில் ஒரு மாத்திரை, நெடில் இரண்டு. மாத்திரை கொண்டு ஒலியை அளக்கும் தமிழ்ப் புலவர்க்கு இது புதிதன்று. ஆயினும் ஜப்பானியத்தில் சொல்லிடையே இரட்டிக்கும் ஒற்றும், தனித்து நிற்கும் னகர ஒற்றும்கூட முழு மாத்திரை பெறும். ஒவ்வொரு மாத்திரையும் ஏறத்தாழச் சம அளவாய், மணி அடித்தாற்போல ஒலிக்கவேண்டும். இச்சமநிலையைக் குலைப்பதே நாநெகிழ் தொடரின் சூழ்ச்சி.

மிக எளிய தொடர் ஒன்று: 'சுமொமொ மொ மொமொ மொ மொமொ நொ உச்சி'. 'சுமொமொ' என்பது பிளம் பழம். 'மொமொ' என்பது பீச் பழம். தனித்து வரும் 'மொ' என்பது 'உம்' என்னும் இடைச்சொல். பிளமும் பீச்சும் பீச் இனத்தைச் சேர்ந்தவையே என்பது கருத்து. இரண்டும் ரோஜாக் குடும்பத்து மரங்களே ஆகையால், தாவர நூலாரும் இதனை முற்றிலும் மறுக்கமாட்டார். இத்தொடரின் மாத்திரைகள் 12. அவற்றுள் 8 மாத்திரைகள் 'மொ' என்னும் ஒரே ஒலி. எந்த 'மொ' பழத்தின் பெயர், எந்த 'மொ' உம்மை என்று எண்ணத் தொடங்கியவுடன் நா சிக்கிக்கொள்கிறது. இத்தொடரின் ஓசை 7, 5 எனப் பிரிகிறது என்பதையும் கவிஞர்கள் கருதவேண்டும். அவை ஜப்பானியக் கவிதையின் அடிப்படை அளவுகள். விளையாட்டுச் சொல்லும் கவிதையின் தாளத்திலேயே நடக்கிறது.

'நிவ நிவ நிவ நிவதொரிக இரு' என்பது இன்னொன்று. முதல் 'நிவ' தோட்டம். அடுத்தது இரண்டு இடைச்சொற்களின் கூட்டு. மூன்றாவது, பறவைகளை எண்ணும் முறையில் 'இரண்டு'. நான்காவது கோழியைக் குறிக்கும் 'நிவதொரி' என்னும் சொல்லின் முற்பகுதி. தோட்டத்தில் இரண்டு கோழிகள் உள்ளன என்பதே பொருள். ஒரே எழுத்துத்தொடர் மீண்டும் மீண்டும் வந்து வெவ்வேறு பொருள் தரும் இவ்வமைப்பைத் தமிழ் அணியிலக்கணம் 'மடக்கு' என்னும்.

வேறு சில தொடர்கள் ஒலியுறுப்புகளையே சோதிக்கின்றன. 'நம முகி, நம கொமெ, நம தமகொ' என்பதில் பச்சைக் கோதுமை, பச்சரிசி, பச்சை முட்டை என மூன்று பொருள்கள் வரிசையாக நிற்கின்றன. இதழில் பிறக்கும் மகரமும் அண்ணத்தில் பிறக்கும் குழைந்த ககரமும் மாறிமாறி வருவதால், விரைவு கூடும்போது ஒன்று மற்றொன்றின் இடத்தில் புகுந்துவிடும். அடுத்த வீட்டு விருந்தினர் நிறையப் பெர்சிமன் பழம் தின்னும் விருந்தினர் என்று ஒரு தொடர் கேலி பேசுகிறது. அதில் ககரமும் 'கிய' என்னும் ஒலியும் போரிடுகின்றன. மடிப்புத் திரையில் துறவி ஒருவர் துறவியின் படத்தைத் திறம்பட வரைந்தார் என்று மற்றொன்று சொல்கிறது. 'போஸு', 'பியோபு', 'ஜோஸு' என்னும் மூன்று சொற்கள் அதில் நாவைப் பந்தாடுகின்றன. தவளைகள் மூன்று குதிக்க, வேறு மூன்றும் சேர்ந்து குதிக்க, மொத்தம் ஆறு என்று கணக்குப் போடும் தொடரில் 'பியொகொ பியொகொ' என்னும் துள்ளல் ஒலிக்குறிப்பு எட்டடுக்காக வந்து வாயையே துள்ளவைக்கிறது.

பழம்பாடலின் ஓசை

ஒரே ஒலியை அடுக்கி மகிழும் இவ்வியல்பு அண்மையில் தோன்றியதன்று. 8ஆம் நூற்றாண்டில் தொகுக்கப்பட்ட 'மன்யோஷூ' என்னும் பெருந்தொகையில் நாலாயிரத்து ஐந்நூறுக்கு மேற்பட்ட பாடல்கள் உள்ளன. அதன் 27ஆம் பாடல் தெம்மு என்னும் பேரரசர் 679ஆம் ஆண்டு யொஷினோ மலைப்பகுதிக்குச் சென்றபோது பாடியதாகக் குறிக்கப்படுகிறது. அப்பாடலின் ஐந்து அடிகளும் 'யொ' என்னும் ஒரே ஒலியில் தொடங்குகின்றன. நல்லது, நன்கு, நல்லோர் என்னும் பொருள்படும் சொற்கள் திரும்பத் திரும்ப வந்து, ஊர்ப்பெயரோடும் இயைகின்றன. தமிழ்ப் புலவர் இதனை மோனையின் உச்சம் என்பர். விரைந்து சொன்னால் இதுவும் நாநெகிழ் தொடரே. அரசவையில் கவிதையாக நின்றது தெருவில் விளையாட்டாக நிற்பதற்கு இடையிலுள்ள தொலைவு மிகச் சிறிது.

உய்ரோ விற்பவன்

நாநெகிழ் தொடர்கள் ஜப்பானிய அரங்கில் அரியணை ஏறிய ஆண்டு 1718. எடோ நகரின் மொரிதா அரங்கில் அவ்வாண்டு நிகழ்ந்த கபுகி நாடகத்தில், இரண்டாம் இச்சிகாவா டாஞ்ஜுரோ (1688–1758) என்னும் பெருநடிகர் மருந்து விற்பவனாக வேடமிட்டு வந்தார். அவர் விற்ற மருந்தின் பெயர் 'உய்ரோ'. ஒடவாரா நகரில் ஒரு குடும்பத்தார் வழிவழியாகச் செய்துவந்த சிறு மாத்திரை அது.

அந்த மருந்துக்கே ஒரு நாடுகடந்த கதை உண்டு. 1368இல் சீனத்தில் யுவான் அரசு வீழ்ந்தபோது, அவ்வரசில் பணியாற்றிய சென் குடியினர் ஒருவர் கடல் கடந்து ஜப்பானின் ஹகாதா துறைமுகத்தில் குடியேறினார். அவர் வகித்த பதவியின் சீனப்பெயர் ஜப்பானியர் நாவில் 'உய்ரோ' எனத் திரிந்து, குடும்பப் பெயராகவும் மருந்தின் பெயராகவும் நிலைத்தது. அக்குடியினர் 1504இல் ஒடவாராவுக்கு வந்து சேர்ந்தனர். ஜப்பானிய நாவன்மையின் உரைகல்லாகப் போற்றப்படும் அரங்கப் பேச்சு, புகலிடம் தேடி வந்த அயலவர் ஒருவரின் திரிந்த பெயரைத் தாங்கி நிற்கிறது என்பது நினைவில் இருத்தத்தக்கது.

டாஞ்ஜுரோ இருமலாலும் சளியாலும் குரல் அடைபட்டு அரங்கேற இயலாமல் வருந்தினார் என்றும், உய்ரோ உண்டு குணமடைந்தார் என்றும், நன்றி சொல்ல ஒடவாராவுக்கே சென்று அம்மருந்தை நாடகமாக்க இசைவு கேட்டார் என்றும் மரபுவழிச் செய்தி கூறுகிறது. தம் மருந்துக்கு நாடகத்தின் வாயிலாக விளம்பரம் தேடுவது தகாது என்று குடும்பத்தார் முதலில் மறுத்தனராம். பின்னர் நடிகரின் மனம் அறிந்து இசைந்தனராம். நடிகனுக்குக் குரலே உடைமை, குரலே பெயர். அதை இழந்து மீண்டும் பெற்றவன், மீண்டதைக் காட்ட எதைத் தேர்ந்தெடுத்தான்? தன் மொழியில் சொல்வதற்கு மிகக் கடினமான சொற்களைத் தேர்ந்தெடுத்தான்.

அரங்கில் அவன் பேச்சு முறையாக வளர்கிறது. முதலில் மருந்தின் பிறப்பிடமும் பெருமையும் சொல்லப்படுகின்றன. பின் விற்பவன் ஒரு மாத்திரையை வாயிலிட்டுக் காட்டுகிறான். மருந்து வேலை செய்யத் தொடங்கியதும் நா தானே சுழலத் தொடங்குகிறது. அதன்பின் நாநெகிழ் தொடர்கள் அருவியாய்க் கொட்டுகின்றன. போர்க்கருவிகள், காய்கறிகள், பாத்திரங்கள், ஊர்ப்பெயர்கள் எனப் பொருள் தொடர்பின்றி, ஒலித்தொடர்பு ஒன்றாலேயே அவை கோக்கப்பட்டுள்ளன. மருந்தின் மெய்ம்மைக்கு நாவே சான்று. நா ஒருமுறை பிறழ்ந்தாலும் மருந்து பொய், நடிகனும் பொய்.

இன்று வழங்கும் நாடக வடிவில், மருந்து விற்பவன் உண்மையில் மாறுவேடமிட்ட சோகா கொரோ. தந்தையைக் கொன்ற குதோ சுகெத்சுனெயைப் பழிவாங்க வந்த இளைஞன் அவன். வரலாற்றில் அப்பழிவாங்கல் நிகழ்ந்தது 1193இல். உய்ரோ மருந்து ஜப்பானுக்கு வருவதற்கு ஏறத்தாழ இரு நூற்றாண்டுகள் முன்பே அதனை ஒருவன் விற்றுத் திரிந்ததாகக் காட்டக் கபுகி அஞ்சவில்லை. அரங்கில் காலத்தைவிட ஓசை பெரிது.

1832இல் ஏழாம் டாஞ்ஜுரோ தம் குடியின் சிறந்த நாடகங்கள் பதினெட்டைத் தொகுத்தபோது 'உய்ரோ உரி' அவற்றுள் ஒன்றாயிற்று. 1980இல், பின்னாளில் பன்னிரண்டாம் டாஞ்ஜுரோ ஆன நடிகர் அதனைக் கபுகி அரங்கில் மீட்டெடுத்தார். நடிகர்களும் வானொலி, தொலைக்காட்சி அறிவிப்பாளர்களும் இப்பேச்சைப் பாடமாக ஓதித் தம் நாவைப் பழக்குகின்றனர்.

ஒரே நாடு, ஒரே நா

மெய்ஜிக் காலத்தில் மொழிக்கு வேறொரு வேலை வந்து சேர்ந்தது. அலுவலகமும் பள்ளியும் படையும் நாடெங்கும் ஒரே பேச்சை வேண்டின. அக்காலத்தின் தடம் ஒரு நாநெகிழ் தொடரிலும் பதிந்திருக்கிறது. 'தோக்யோ தொக்கியொ கியொக கியொகு' என்பது அத்தொடர். டோக்கியோ காப்புரிமை அனுமதிப் பணியகம் என்பது பொருள். அப்பெயரில் ஓர் அலுவலகம் இருந்ததே இல்லை. 1885இல் காப்புரிமைச் சட்டம் வந்தது. காப்புரிமைப் பணியகம் அமைந்தது. இரண்டாம் உலகப்போருக்குப் பின் அது வேறு பெயர் பெற்றது. நடுவிலுள்ள 'அனுமதி' மட்டும் மக்களின் நாக்குறும்பு. அரசு அலுவலகப் பெயர்களின் நெருடலை இதைவிட நயமாக எவரும் பகடி செய்ததில்லை.

காலமாற்றம் பிற தொடர்களிலும் உண்டு. சிவப்புச் சுருள்தாள், நீலச் சுருள்தாள், மஞ்சள் சுருள்தாள் என்று அடுக்கும் பழைய தொடரில், கடிதம் எழுதும் சுருள்தாள் வழக்கொழிந்த பின் பைஜாமா வந்து அமர்ந்தது. இந்துஸ்தானியில் பிறந்து, ஆங்கிலத்தில் நுழைந்து, ஜப்பானியச் சிறுவரின் நாவை இடறும் அச்சொல்லின் பயணம் உய்ரோவின் பயணத்துக்குக் குறைந்ததன்று.

ஆயினும் ஒரே பேச்சு என்னும் கொள்கை எல்லா இடத்திலும் நகைப்போடு நுழையவில்லை. ஒக்கினாவாத் தீவுகளின் பள்ளிகளில், தாய்மொழியில் பேசிய மாணவனின் கழுத்தில் 'வட்டார மொழிப் பலகை' தொங்கவிடப்பட்டது. அவ்வாறே பேசும் மற்றொருவனைக் கண்டுபிடித்து அவன் கழுத்துக்கு மாற்றும்வரை அப்பலகை இறங்காது. ஒரு சிறுவன் இன்னொரு சிறுவனின் நாப்பிறழ்வுக்காகக் காத்திருக்கும் நிலையை அப்பலகை உண்டாக்கியது. நாநெகிழ் விளையாட்டிலும் அவர்கள் அப்படியே காத்திருந்தனர். ஆனால் அங்கே காத்திருந்தது சிரிப்பதற்காக, இங்கே தப்புவதற்காக.

1923

1923 செப்டம்பர் 1 அன்று நண்பகலுக்குச் சற்றுமுன் கந்தோ சமவெளியைப் பெரும் நிலநடுக்கம் தாக்கியது. நிலநடுக்கத்திலும் தீயிலும் ஒரு லட்சத்துக்கு மேற்பட்டோர் இறந்தனர். ஒடவாராவில் உய்ரோ குடும்பத்தாரின் புகழ்பெற்ற பல்கூரைக் கட்டடமும் வீழ்ந்தது. அது பின்னாளில் மீண்டும் எழுப்பப்பட்டது. வீழ்ந்த கட்டடங்களினூடே ஒரு வதந்தி பரவியது. கொரியர் கிணறுகளில் நஞ்சிடுகின்றனர், தீ வைக்கின்றனர் என்பது அது. ஊர்க்காவல் கும்பல்கள் மூங்கில் ஈட்டியோடு தெருமுனைகளில் நின்றன. வழிப்போக்கரை நிறுத்தி, ஒரு தொடரைச் சொல்லச் சொல்லினர்: 'ஜூகொ என் கொஜிஸ்ஸென்'. பதினைந்து யென் ஐம்பது சென் என்னும் ஒரு சாதாரணத் தொகை அது.

இத்தொடர் கொலைக்கருவியானது எப்படி என்பதைத் தமிழர் எளிதில் உணரலாம். 'கங்கு' என்னும் சொல்லில் முதற் ககரமும் இறுதிக் ககரமும் எழுத்தால் ஒன்று, ஒலியால் வேறு. மொழிமுதலில் அது வன்மையாகவும், மெல்லினத்தை அடுத்துக் குழைந்தும் ஒலிக்கும். குழைந்த ககரம் மொழிமுதலில் வருவது தமிழின் இயல்பன்று. கொரிய மொழியின் இயல்பும் அதுவே. அத்தொடரில் 'ஜூ' என்பதும், 'கொ' என்று இங்கு எழுதப்பட்டிருப்பதும் சொல்முதலில் குழைந்தே ஒலிக்கவேண்டும். அதைக் காட்டத் தமிழில் தனியெழுத்தும் இல்லை. கொரியரின் நாவில் அவை வன்மை பெற்றன. அந்த ஒரு வேறுபாட்டைக் கேட்டு ஈட்டிகள் பாய்ந்தன. ஆயிரக்கணக்கான கொரியர் கொல்லப்பட்டனர், சீனரும் கொல்லப்பட்டனர்.

செப்டம்பர் 6 அன்று, இன்றைய சீபா மாவட்டத்து நோதா நகரில் அடங்கிய ஃபுகுடா சிற்றூரில், தொனெ ஆற்றுத்துறை அருகே 15 பேர் கொண்ட குழு ஒன்று தடுக்கப்பட்டது. அவர்கள் ஷிகொகு தீவின் ககாவாவிலிருந்து வந்த ஜப்பானியர். அவர்களின் வட்டாரப் பேச்சு ஊராருக்கு ஐயத்தைத் தந்தது. ஒன்பது பேர் கொல்லப்பட்டனர். அவர்களுள் குழந்தைகளும் கருவுற்ற பெண் ஒருத்தியும் உண்டு. அவர்கள் செய்த தொழில், ஊர் ஊராகச் சென்று மருந்து விற்பது. 1718இல் மருந்து விற்பவனின் நாவை எடோ நகரம் கைதட்டிக் கொண்டாடியது. 205 ஆண்டுகளுக்குப் பின், அதே சமவெளியில், மருந்து விற்பவர்களின் நாவே அவர்களுக்குக் கூற்றாயிற்று. தீண்டாமைக்கு ஒப்பான ஒதுக்கலுக்கு உட்பட்ட சமூகத்தினர் அவர்கள் என்பதால், அவர்தம் சாவு நெடுங்காலம் பேசப்படாதிருந்தது. 2003இல்தான் அங்கே நினைவுக்கல் நடப்பட்டது. 2023இல் அந்நிகழ்ச்சி திரைப்படமாக வந்தது.

இச்சோதனைக்கு ஆளாகித் தப்பியவருள் ஒருவர் அப்போது 19 வயது நிரம்பிய இதோ குனியோ. டோக்கியோவின் செண்டகயா பகுதியில் கொரியர் என்று ஐயுற்று அவரைக் கும்பல் சூழ்ந்தது. அகரவரிசையையும் பேரரசர்களின் பெயர்களையும் ஒப்பிக்கச் செய்தது. அவரை அறிந்த ஒருவரால் அவர் உயிர் பிழைத்தார். நாடகத்துறையில் புகுந்தபோது, செண்டகயாவின் கொரியன் என்னும் பொருள்பட 'செண்டா கொரெயா' என்று பெயர் சூட்டிக்கொண்டார். ஜப்பானிய நவீன நாடகத்தின் தூண்களுள் ஒருவராக அவர் அப்பெயரிலேயே வாழ்ந்து மறைந்தார். குரல் மீண்ட நன்றியை டாஞ்ஜுரோ நாடகமாக்கினார். உயிர் மீண்ட நினைவைக் கொரெயா பெயராக்கிக்கொண்டார்.

கவிஞர் ஒருவரும் வாய்மூடி இருக்கவில்லை. ககாவாவைச் சேர்ந்த ஷோடோஷிமா தீவில் பிறந்த ட்சுபோய் ஷிகெஜி (1897–1975) நிலநடுக்கத்தின்போது டோக்கியோவில் இருந்தவர். அத்தொகையையே தலைப்பாகக் கொண்ட அவரது நெடுங்கவிதை 1948இல் வெளிவந்தது. காவலர் காதுகொடுத்துக் கேட்ட அந்த நான்கைந்து அசைகளை, இறந்தோர் சார்பில் மீண்டும் ஒலிக்கச் செய்தது அக்கவிதை. சோதனைச் சொல்லைச் சான்றுச் சொல்லாக மாற்றியது கவிஞரின் பணி.

சிரிப்புக்குத் திரும்புதல்

நிலநடுக்கம் நிகழ்ந்து ஈராண்டு நிறையுமுன், 1925 மார்ச்சில் டோக்கியோ வானொலி ஒலிபரப்பைத் தொடங்கியது. திருத்தமான நா ஒன்று நாடெங்கும் வீடுகளுக்குள் நுழைந்தது. அந்நாவைப் பழக்கவும் நாநெகிழ் தொடர்களே பயன்பட்டன. ஆனால் வீடுகளில் அத்தொடர்கள் தம் பழைய இயல்பை இழக்கவில்லை. எவரும் இறுதிவரை பிழையின்றிச் சொல்லிவிட்டால் அங்கே விளையாட்டு இல்லை. பிழையே விளையாட்டின் உயிர். தாத்தாவும் தடுமாறுவார், பேரனும் தடுமாறுவான், அறிவிப்பாளரும் தடுமாறுவார். தாய்மொழி பேசுவோர் யாவரும் தம் மொழிக்குள்ளேயே அயலவராகும் கணம் அது.

2022 நவம்பரில் டோக்கியோவின் கபுகி அரங்கில், எட்டாம் ஷின்னொசுகெ என்னும் பெயரேற்ற ஒன்பது வயதுச் சிறுவன், பதின்மூன்றாம் டாஞ்ஜுரோவின் மகன், உய்ரோ விற்பவனாக வந்து அந்நீண்ட பேச்சை ஒப்பித்தான். மூன்று நூற்றாண்டுகளுக்கு முன் குரல் மீண்ட ஒருவர் தொடங்கிவைத்த பேச்சு, குரல் இன்னும் முதிராத ஒருவனின் வாயில் ஒலித்தது. அரங்கில் இருந்தோர் அவன் தவறுவான் என்று காத்திருக்கவில்லை. அவன் கடக்கவேண்டும் என்று மூச்சடக்கி உடன் நின்றனர்.

நா தடுமாறுவது மனித இயல்பு. 1718இலும், 1923இலும், இன்று உணவுமேசையைச் சுற்றி அமரும் குடும்பத்திலும் தடுமாற்றம் ஒன்றே. கேட்போரின் கையில் இருப்பது ஈட்டியா, அடுத்தவர் முறைக்காக நீட்டும் அழைப்பா என்பதே வேறுபாடு. சுமொமொவும் மொமொவும் ஒரே இனம் என்று சொல்லத் தொடங்கி, ஐந்தாவது 'மொ'வில் இடறிச் சிரிக்கும் சிறுவனுக்கு இவ்வரலாறு தெரியாது. அவன் சிரிப்பு முடிந்ததும், 'இப்போது நீங்கள் சொல்லுங்கள்' என்று அருகிலிருப்பவரைப் பார்க்கிறான்.